நூறு டன் எண்ணெய்

(பின்னலாடைத் தொழிலில் இருக்கும் சிறு நிறுவன உரிமையாளர்களும் அலுவலகப் பணியாளர்களும் கூடிய திருப்பூர்க் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிற ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதை எழுதியவர்கள் பல பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வக்கீல் அல்லாதவர்களும் அவற்றைக் கதைபோலப் படிக்கலாம். 29-வது பிரிவு சொல்வது ஒரே செய்திதான்: பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்திக்கொள்ளவும் வழியில்லாத ஒப்பந்தம் செல்லாது. அதற்குக் கீழே முதல் எடுத்துக்காட்டு. ஒருவர் இன்னொருவருக்கு நூறு டன் எண்ணெய் விற்க ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய் என்று எங்கும் இல்லை. ஒப்பந்தம் செல்லாது. அதே பிரிவில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே நூறு டன் எண்ணெய்தான். ஆனால் விற்கிறவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி. இப்போது ஒப்பந்தம் செல்லும். அவருடைய தொழிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் கொடுத்துவிடுகிறது. இன்னொருவர் தன் வெள்ளைக் குதிரையை ‘ஐந்நூறு ரூபாய்க்கு அல்லது ஆயிரம் ரூபாய்க்கு’ விற்க ஒப்புக்கொள்கிறார். எந்த விலை என்று தெரியவில்லை, அதுவும் செல்லாது.

எண்ணெயையும் குதிரையையும் விட்டுவிட்டு நம் ஊர்த் துணிக்கு வருவோம். ‘நேவி ப்ளூ, 100 கிலோ, அர்ஜென்ட்’ என்று ஒரு துண்டுச் சீட்டோடு, சாயம் ஏற்றாத கோரா துணி டையிங்குக்குப் போகிறது. நூறு கிலோ என்பது போகிற துணியின் எடையா, சாயம் ஏறித் திரும்ப வேண்டிய துணியின் எடையா? சாயப்பட்டறையில் எடை இழப்பு உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலி எந்த எடைக்கு? நேவி ப்ளூ என்றால் பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப்பா (சோதனைக்குச் சாயமேற்றிய துண்டா), போன ஆர்டரில் ஓட்டிய ஷேடா? அர்ஜென்ட் என்றால் நாளைக்கா, சனிக்கிழமைக்கா? இத்தனை கேள்வியும் இருந்தும் துணி சரியாகவே வந்துவிடுகிறது, பெரும்பாலான நாட்களில். ஏனென்றால் தேங்காய் எண்ணெய் வியாபாரிக்குக் கிடைத்த சலுகை நமக்கும் கிடைக்கிறது. பல வருடப் பழக்கம். சீட்டில் எழுதாததை எல்லாம் அந்தப் பட்டறை மேனேஜர் தன் தலையில் வைத்திருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போன மறுநாள் அதே சீட்டு வெறும் காகிதமாகிவிடும். அன்றைக்குத்தான் டெபிட் நோட் வரும், போனில் குரல் உயரும், இருபது வருட உறவு இரண்டு நாளில் கசந்துபோகும்.

தொழில் எழுத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். எழுதியவரும் படிப்பவரும் எந்தச் சொல்லுக்கு ஒரே பொருளை எண்ணிக்கொள்கிறார்களோ, அந்தச் சொல்தான் அங்கே சரியான சொல். அழகு, பணிவு, தூய்மை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற கேள்வி வரும். எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைக்கிற இடத்துக்கு, போகிற ஜாப் ஒர்க் சீட்டில் ‘கட்டிங்’, ‘செக்கிங்’, ‘அயர்னிங்’ என்று எழுதுங்கள். அங்கே இருக்கிற டெய்லர் முதல் உரிமையாளர் வரை அதே சொல்லைத்தான் வாயால் சொல்கிறார்கள். அகராதியைப் பார்த்து அவற்றுக்கு ஒரு புதுச் சொல்லை அங்கே நுழைத்தால் அன்றைக்கு நான்கு போன் வரும். ஆனால் அதே கம்பெனி தன் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதி ஆங்கிலமாக எழுதினால் அது படிக்கிறவரை ஏமாற்றுவதுதான். யார் படிக்கப் போகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிப்பற்றை வைத்தோ நாகரிகத்தை வைத்தோ தேர்ந்தெடுத்தால் காரியம் கெடும்.

வணிகத் தமிழ் நேற்று முளைத்ததும் இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில் கணக்கைத் தமிழில்தான் எழுதினார்கள். பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை என்று அந்தத் தொழிலுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் புழக்கத்தில் இருந்தன. வேகமாக எழுதுவதற்குக் குறிகள்கூட இருந்தன: பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. இன்றைக்கும் கணினியின் யூனிகோட் எழுத்துத் தொகுதியில் அவை இருக்கின்றன. தேடினால் உங்கள் செல்போனிலும் கிடைக்கும். ‘மேற்படி’ என்ற சொல்லுக்குக்கூடத் தனிக் குறி உண்டு: ௸. ஒரு சொல்லுக்கென்றே குறி செய்துகொள்ளும் அளவுக்கு நம் கணக்குப்பிள்ளைகளுக்கு அதன்மேல் பிரியம் இருந்திருக்கிறது! அந்தப் பிரியம் இன்னும் விடவில்லை. அலுவலகக் கடிதத்தில் ‘மேற்படி நபர்’, ‘மேற்படி பொருள்’, ‘மேற்படி தேதி’ என்று மூன்று மேற்படி வரும். மேலே தேடினால் இரண்டு நபர், மூன்று பொருள், நான்கு தேதி இருக்கும். பேரேட்டில் ஒரு வரிக்கு மேல் ஒரு வரிதான். மேற்படி என்றால் எது என்று சந்தேகமே வராது. கடிதத்தில் அது சரிப்படாது. பெயரையும் தேதியையும் இன்னொரு முறை எழுதிவிடுங்கள்.

ஒரு சொல் ஒரு ஊரில் தெளிவாக இருந்தால் இன்னொரு ஊரிலும் தெளிவாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டெபிட் நோட்டைத் தமிழில் சொல்ல ஆசைப்பட்டு ஒருவர் ‘பற்றுச்சீட்டு’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொழும்பில் இருக்கும் தமிழ் வியாபாரிக்குப் பற்றுச்சீட்டு என்றால் ரசீது. நீங்கள் அவரிடம் பணம் பிடித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவரோ நீங்கள் பணம் வாங்கிக்கொண்டதற்குச் சீட்டு அனுப்பியிருப்பதாக மகிழ்ந்துபோவார். தொகையிலும் இப்படித்தான். நமக்கு லட்சம், கோடி. அங்கே பேச்சிலும் பத்திரிகையிலும் மில்லியன். இலங்கைக்கு எழுதும்போது தொகையை முழு இலக்கத்தில் எழுதி, எந்த நாட்டு ரூபாய் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

வங்கிகள் ‘நிரந்தர வைப்பு’ என்று எழுதுவதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் முடிகிற டெபாசிட்டுக்கு நிரந்தரம் என்று பெயர். ‘குறித்த கால வைப்பு’ என்றால் படிக்கிறவருக்கு உடனே, எவ்வளவு காலம் என்ற அடுத்த கேள்வி எழும். நல்ல சொல் சரியான கேள்வியைக் கேட்க வைக்கும்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். உண்மையான கடிதம் எதையும் எடுத்துவந்து யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அந்த நடையில் நானே ஒன்றை எழுதியிருக்கிறேன். நகைக்கடன் வாங்கிய வீட்டில் இதைப் போன்ற ஒரு காகிதம் பீரோவுக்குள் இருக்கும்.

“தங்களால் பெறப்பட்ட மேற்படி நகைக்கடனுக்குரிய அசல் மற்றும் வட்டித் தொகையானது உரிய காலக்கெடுவிற்குள் செலுத்தப்படாத நிலையில், இக்கடிதம் கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் நிலுவைத் தொகையினைச் செலுத்தி ஈட்டுப் பொருளை மீட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுவதுடன், தவறும் பட்சத்தில் மேற்கொண்டு அறிவிப்பின்றி ஈட்டுப் பொருள் ஏலத்திற்கு உட்படுத்தப்பட்டு, அதன் பொருட்டு ஏற்படும் செலவினங்கள் தங்களையே சாரும் என்பதும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

இதில் எழுத்துப் பிழை இல்லை. ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறது. தமிழாசிரியர் சிவப்பு மை தொட வேண்டிய இடம் அநேகமாக இல்லை. ஆனாலும் இது மோசமான எழுத்து. எவ்வளவு கட்ட வேண்டும் என்று இல்லை. எந்த நகை என்று இல்லை. கடைசி நாள் எது என்று இல்லை. கடிதம் என்றைக்குக் கிடைத்தது என்று யார் எழுதிவைக்கிறார்கள்? எங்கே கட்டுவது என்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் இதைச் செய்கிறார்கள் என்றே இல்லை. கேட்டுக்கொள்ளப்படுகிறது, உட்படுத்தப்படுகிறது, தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. ஆள் மட்டும் எங்கும் தென்படவில்லை. நகை தானாக எழுந்து ஏலத்துக்கு நடந்துபோகப் போகிறதுபோல் இருக்கிறது.

இதையே இப்படி எழுதலாம்:

“நீங்கள் 2024 மார்ச் 4 அன்று எங்களிடம் 20 கிராம் சங்கிலி ஒன்றை அடகு வைத்து, ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு 80,000 ரூபாய் கடன் வாங்கினீர்கள். கடனும் வட்டியும் இன்னும் பாக்கி இருக்கிறது. 2025 மார்ச் 20 அன்று கட்டினால் மொத்தம் 90,021 ரூபாய் ஆகும். அன்று மாலை 4 மணிக்குள் எங்கள் கிளையில் கட்டிச் சங்கிலியை மீட்டுக்கொள்ளுங்கள். கட்டாவிட்டால் ஏப்ரல் 7 காலை 11 மணிக்கு இதே கிளையில் சங்கிலியை ஏலம் விடுவோம். ஏலச் செலவையும் கடனோடு சேர்ப்போம். ஏலத்தில் கூடுதலாகக் கிடைத்தால் மீதியை உங்களுக்குத் தருவோம். குறைந்தால் பாக்கியை நீங்கள் கட்ட வேண்டும்.”

ஒரு வாக்கியம் எட்டாகிவிட்டது. ஆனால் படிக்க வேண்டிய நேரம் குறைந்திருக்கிறது. முக்கியமான மாற்றம் எண்களில் மட்டும் இல்லை. ‘ஏலம் விடுவோம்’ என்ற வினையைப் பாருங்கள். தமிழ் வினைமுற்றிலேயே ஆள் இருக்கிறார். ‘விடுவோம்’ என்றால் நாங்கள். ‘கட்ட வேண்டும்’ என்பதற்கு முன்னால் ‘நீங்கள்’ வந்துவிடுகிறது. மொழி நமக்கு இலவசமாகத் தந்த வசதியை ‘படும்’ போட்டுக் கழற்றி எறிகிறோம். அலுவலகத்தில் பலர் அதைப் பணிவு என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலும் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று எழுதியவரைப் பிடித்து, யார் எடுப்பார்கள், எப்போது என்று கேளுங்கள். பதில் இருக்காது. பதில் இல்லாத இடத்தில்தான் அந்த வாக்கியம் பிறக்கிறது.

செயப்பாட்டு வினையே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்தவர் யார் என்பது வேண்டாத இடத்தில் வரலாம். பணமும் கெடுவும் உள்ள வாக்கியத்தில் மட்டும் வேண்டாம்.

இந்த நகைக்கடன் அறிவிப்பை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 176-வது பிரிவு, அடகுப் பொருளை விற்பதற்கு முன் அடகு வைத்தவருக்கு நியாயமான அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. கடனுக்கு மேல் கிடைத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. படித்தும் புரியாத ஒரு காகிதம் நியாயமான அறிவிப்பா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? அந்த முதல் வடிவத்தில் மீதித் தொகையைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். செலவு மட்டும் ‘தங்களையே சாரும்’.

எளிமையாக எழுதினால் நஷ்டம் வரும் என்று பயப்பட வேண்டாம். நியூயார்க்கில் இன்று சிட்டி பேங்க் என்று அறியப்படுகிற வங்கி, 1975-ல் தன் கடன் பத்திரத்தை முழுவதும் திருத்தி எழுதியது. கடன் வாங்குகிறவரை ‘நான்’ என்றும் வங்கியை ‘நீங்கள்’ என்றும் வைத்து, தவணையை நேரத்தில் கட்டாவிட்டால் நான் தவறியவன் என்ற அளவில், நீண்ட சட்ட வாசகங்களைச் சின்ன வாக்கியங்களாக்கினார்கள். வங்கி அதனால் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. சில ஆண்டுகளில் நியூயார்க் மாநிலமே நுகர்வோர் ஒப்பந்தங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

அடுத்து ‘மற்றும்’. இந்தச் சொல்லின்மேல் எனக்குக் கொஞ்சம் பகை உண்டு, அதை மறைக்கவில்லை. நம் காதர்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் இப்படி ஒரு பலகை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: ‘60 வயது நிரம்பிய ஆண்கள் மற்றும் பெண்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி.’ இருபத்தைந்து வயதுப் பெண் உள்ளே வந்து தள்ளுபடி கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? அறுபது வயது என்ற நிபந்தனை ஆண்களுக்கு மட்டுமா, பெண்களுக்கும் சேர்த்தா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘ஆண்களானாலும் பெண்களானாலும் 60 வயது நிரம்பியவர்களுக்கு’ என்றால் ஒன்று. ‘60 வயது நிரம்பிய ஆண்களுக்கும், எல்லா வயதுப் பெண்களுக்கும்’ என்றால் இன்னொன்று. தமிழில் ‘உம்’ இருக்கிறது, வேற்றுமை உருபு இருக்கிறது. இரண்டு பெயரிலும் அவற்றைச் சேர்த்து, வயது யாருக்கு என்பதையும் சொல்லிவிட்டால் சந்தேகம் நிற்காது. ‘மற்றும்’ போட்டுக் கடைசிப் பெயரில் மட்டும் உருபைத் தொங்கவிடும்போது வம்பு கூடுகிறது.

இது ஏதோ இலக்கணக்காரன் தலைமுடியைப் பிளக்கிற வேலை என்று தோன்றலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் மேல் அதன் லாரி ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாத வேலைகளை மாநிலச் சட்டம் வரிசையாக அடுக்கியிருந்தது. அந்த வரிசையின் கடைசியில், அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ ‘பேக்கிங்’ செய்வது என்று படிப்பதா, பேக்கிங் தனி, வினியோகம் தனி என்று படிப்பதா என்பதுதான் வழக்கு. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை. ஓட்டுநர்கள் வினியோகம் செய்கிறார்கள், பேக்கிங் செய்யவில்லை. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை, அதனால் ஓட்டுநர்கள் பக்கமே பொருள் கொள்ள வேண்டும் என்றது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அங்கே காற்புள்ளி செய்ததை இங்கே ‘மற்றும்’ செய்யும்.

எண்ணுக்கும் தேதிக்கும் சொல் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். நம் ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதையே காகிதத்தில் ‘2% வட்டி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும்? வங்கியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை அதைப் படித்து, ஆண்டுக்கு இரண்டு சதவீதம்தானே, பரவாயில்லையே என்பார். மாதம் என்ற ஒரு சொல் இல்லாததால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். அதேபோல, வட்டி 10 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகும்போது ‘வட்டி 2 சதவீதம் உயர்ந்தது’ என்கிறோம். நீங்கள் கட்டுகிற வட்டித் தொகை அங்கே ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது. ‘10-லிருந்து 12 ஆனது’ என்று இரண்டு எண்ணையும் எழுதிவிட்டால் விளக்கமே தேவையில்லை.

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களும் புதிதாக வாங்குகிற தவணைக் கடன்களுக்கு, கடனின் முக்கிய விவரங்களை ஒரே அறிக்கையாகத் தர வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். மெஷின் வாங்கக் கடன் எடுக்கப்போகிற நண்பர்கள் இங்கே இருந்தால், தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்டு வாங்க வேண்டியது அது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார்கள். குறிக்கு மேலே இருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தேதியில் ‘வரை’யும் ‘க்குள்’ளும் தகராறு பிடித்தவை. ‘15-ம் தேதிக்குள்’ என்றால் பதினைந்தாம் தேதி உண்டா இல்லையா என்று இந்த அரங்கத்தில் கேட்டாலே இரண்டு கட்சி கிளம்பும். ‘15-ம் தேதி மாலை 6 மணிக்குள்’ என்றால் கட்சி கிடையாது. ‘வருகிற வெள்ளி’, ‘அடுத்த வெள்ளி’, ‘தீபாவளிக்கு முன்னாடி’ எல்லாம் பேச்சுக்குப் போதும். எழுதும்போது தேதியைப் போட்டு, பக்கத்தில் கிழமையையும் போடுங்கள். ஒன்று தப்பினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். செக்கில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதுவும் இதே யோசனைதான். இரண்டும் ஒத்துவராவிட்டால் எழுத்தால் எழுதிய தொகையே கணக்கு என்று 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 18-வது பிரிவில் சொல்கிறது.

பிழையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ‘நாட்கள்’ என்பதா ‘நாள்கள்’ என்பதா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். நாட்கள் என்று எழுதியதால் எந்தச் சரக்கும் தாமதமானதில்லை. பொருளை மாற்றுகிற பிழைகளை மட்டும் கவனியுங்கள். ‘ஆவன செய்யவும்’ என்றால் வேண்டியதைச் செய்யுங்கள் என்று பொருள். மூன்று சுழி போட்டு ‘ஆவண’ என்று எழுதினால் அது டாக்குமென்ட். ‘பொறுப்பு’க்குச் சின்ன ரு போட்டால் மலை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ஏலப் பட்டியலில் இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்காது. கம்பெனிப் பெயர், பொருள் பெயர், தொகை, தேதி: இந்த நான்கையும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துப் பார்த்தபின் கடிதம் வெளியே போகட்டும்.

இதெல்லாம் கடிதம் எழுதுகிற பெரிய கம்பெனிக்கு, எங்கள் தொழில் வாட்ஸாப்பில் நடக்கிறது என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அங்கேதான் ஆபத்து அதிகம். பேக்கிங் மாதிரியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள். மறுமுனையிலிருந்து ‘ஓகேங்கண்ணா’ என்று வருகிறது. போட்டோ வந்தது ஓகேவா, மாதிரி ஓகேவா? நீங்கள் மாதிரி ஓகே என்று எடுத்துக்கொண்டு ஐயாயிரம் பீஸை அடிக்கிறீர்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் தானியம் வாங்குகிற நிறுவனம் ஒன்று, ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்தைப் போனில் அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய படத்தைத் திருப்பி அனுப்பினார். விதை வரவில்லை. படம் வந்து சேர்ந்தது என்றுதான் விரலைக் காட்டினேன், ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்பது அவர் வாதம். 2023-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி, சுமார் 82,000 கனடா டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ‘மாதிரி 3-ஐ ஏற்கிறோம், இதன்படி அடிக்கலாம்’ என்று ஏழெட்டு விநாடியில் தட்டிவிடலாம். ‘போட்டோ கிடைத்தது, நாளை மதியம் பார்த்துச் சொல்கிறேன்’ என்பதற்கும் அதே நேரம்தான்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டமும் எழுத்தைத்தான் கேட்கிறது. அதில் பதிவு செய்துகொண்ட சிறு நிறுவனத்துக்கு, சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ‘சரக்குல கொஞ்சம் பிரச்னை இருக்குங்க, பேசிக்கலாம்’ என்ற வாய்ஸ் நோட் எந்தப் பக்கத்துக்கும் உதவாது. ‘டி.சி. (டெலிவரி சலான்) எண் இன்னது, தேதி இன்னது. 400 பீஸில் 32 பீஸுக்குக் காலர் தையல் பிரிந்திருக்கிறது. அந்த 32 பீஸை ஏற்கவில்லை. சனிக்கிழமைக்குள் எடுத்துப்போய்ச் சரிசெய்து தாருங்கள்.’ இப்படி எழுதினால் வாங்கியவருக்கும் பாதுகாப்பு. மீதி 368 பீஸுக்குப் பணம் கேட்கிற உரிமை தைத்துக் கொடுத்தவருக்கும் தெளிவாகிவிடும். குறையைத் துல்லியமாக எழுதுவதை நம் ஊரில் சண்டைக்கு இழுப்பதாக நினைக்கிறார்கள். மொட்டையாகக் குறை சொல்வதுதான் சண்டையில் முடிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே சில்லறைக் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பில் புத்தகத்தின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ஒரு வரி இருக்கும். அச்சகத்தில் வழக்கமாகச் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் கேட்டிருக்கக்கூட மாட்டீர்கள். 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. ஆகவே அந்த வரி சட்டத்துக்கு முன் உங்களைக் காப்பாற்றாது. வாங்க வருகிறவரை முறைக்க மட்டும் செய்யும். அடுத்த முறை புத்தகம் அச்சடிக்கும்போது அதை எடுத்துவிட்டு, ‘பழுதான துணியை பில்லோடு 30 நாளுக்குள் கொண்டு வாருங்கள், மாற்றித் தருவோம், அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம்’ என்று போடச் சொல்லுங்கள்.